சுவரில் வேண்டாமென்ற கோடு: வெல்லம்பிட்டியில் ஒரு வெள்ளக் கலைப்பணி

2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கொழும்பின் கிழக்கு ஓரத்து வெல்லம்பிட்டியில் களனி கங்கைக்குக் கிட்டவுள்ள சில ஒழுங்கைகளில், மூன்று பேர் சேர்ந்து ஒரு கலைப்பணியைத் தொடங்கினோம். ஒருவர் மட்டக்களப்பிலிருந்து வந்து கொழும்பில் சித்திரம் படிப்பிக்கும் ஓவியர். இன்னொருவர் துணியிலும், மெழுகிட்டுச் சாயமேற்றும் பத்திக்கிலும் வேலை செய்யும் பெண். ஆட்களோடு கதைத்துக் குறிப்பெடுப்பதும் தமிழில் எழுதுவதும் என் பங்கு. 2016 மே வெள்ளம் ஒவ்வொரு வீட்டிலும் எந்த உயரத்துக்கு நின்றதோ, அந்த உயரத்தில் வெளிச்சுவரில் ஒரு நீலக் கோடு கீறுவது திட்டம். ஒழுங்கைக்குள் நடந்து போகிறவருக்குக் கோடு முழங்காலில் தொடங்கும். தரை தாழத் தாழ இடுப்பு, நெஞ்சு என்று ஏறும்.

கடைசியில் ஒரு சுவரிலும் கோடு விழவில்லை. கண்காட்சிக்குப் போனவை துணிகள். அந்த மாற்றம் எப்படி நேர்ந்தது, அதில் கலை எவ்வளவு, சமாளிப்பு எவ்வளவு என்று பார்ப்பதற்கே இதை எழுதுகிறேன். உள்ளே நின்று வேலை செய்தவள் என்பதால் என் தீர்ப்பில் சாய்வு இருக்கும். வாசிக்கிறவர் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

கோட்டின் பூர்வீகம்

நீர்மட்டக் கோடு எங்கள் சொந்தச் சரக்கு இல்லை. 2007இல் ஈவ் மோஷர் என்ற கலைஞர் நியூயோர்க்கில், புரூக்ளின் மன்ஹாட்டன் கரையோரங்களில், கடல்மட்டத்துக்கு 10 அடி மேலே வரும் இடங்களைத் தொடுத்து நீலச் சுண்ணக்கோடு இழுத்தார். பேஸ்போல் மைதானத்துக்குக் கோடு போடும் தள்ளுவண்டிதான் கருவி. ஏறத்தாழ 70 மைல் நீளம். தெருவில் போகிறவர்கள் "இது என்ன?" என்று கேட்பார்கள், அவர் நின்று பதில் சொல்வார். பணியின் பாதி அந்தப் பேச்சுத்தான். 2012இல் சாண்டி புயல் வந்தபோது அந்தக் கரைகளில் பல இடங்களில் கடல் ஏறிவிட்டது. அதற்குப் பிறகுதான் அந்தச் சுண்ணக்கோட்டைப் பலர் திரும்பிப் பார்த்தார்கள்.

2018இல் ஸ்கொட்லாந்தின் வட யூயிஸ்ட் தீவில், லொக்மாடி என்ற சிற்றூரில், பின்லாந்துக் கலைஞர்களான பெக்கா நீட்டூவிர்த்தாவும் டிமோ ஆஹோவும் கட்டடச் சுவர்களைச் சுற்றி ஒளிக்கோடுகளைப் பொருத்தினார்கள். கடல் பெருக்கெடுக்கும்போது உணரிகள் அதை அறிந்து விளக்கை எரியவிடும். வருங்காலத்தில் கடல் எந்த உயரத்துக்கு வரக்கூடும் என்பதை இருட்டில் ஒரு வெள்ளை வெளிச்சம் சொல்லும். கடல் ஏறும் என்ற கணிப்பால், அங்குள்ள கலை மையம் தான் நிற்கும் நிலத்தில் இனி விரிவாக்கிக் கட்ட முடியாத நிலையில் இருந்தது. சுவரே சாட்சியும் பாதிக்கப்பட்டவருமாக இருந்த இடம் அது.

இவற்றைவிடப் பெயர் பெற்றது ஒலாஃபுர் எலியாசனும் புவிச்சரிதவியலாளர் மினிக் ரோசிங்கும் செய்த பனிக்கட்டிப் பணி. கிரீன்லாந்தின் நூக் கடற்கழியில் மிதந்த கட்டிகளை எடுத்து 2014இல் கோப்பன்ஹேகனிலும், காலநிலை மாநாடு நடந்த 2015 டிசம்பரில் பாரிசிலும், 2018இல் லண்டனிலும் பொதுவெளியில் வைத்தார்கள். பாரிசில் 12 கட்டிகள், கடிகார முகம்போல வட்டமாக. மக்கள் தொட்டார்கள், காது வைத்துக் கேட்டார்கள், கட்டிகள் உருகின. பாரிஸ் பணிக்கான கரிம வெளியேற்றத்தைக் கணக்கிட்டு 30 தொன் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். அந்த நேர்மை பாராட்டத்தக்கது. இலங்கையில் ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு வரும் கரிம வெளியேற்றம் சுமார் ஒரு தொன் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஒரு சதுக்கத்துக்கு முப்பது பேரின் ஓராண்டு.

மூன்று பணிகளுக்கும் ஒரு பொதுக்குணம் உண்டு. தூரத்தில் இருப்பதை அவை கிட்டக் கொண்டுவருகின்றன. நியூயோர்க்கிலும் லொக்மாடியிலும் தூரம் காலத்தில், பாரிசில் இடத்தில். பார்க்கிறவர் இன்னும் நனையாதவர். அவருக்கு ஒரு முன்னறிவிப்புத் தேவை, கலைஞர் அதை உடம்பில் உணரவைக்கிறார். வெல்லம்பிட்டியில் தண்ணீர் ஏற்கனவே வந்து போயிருந்தது. கோட்டையும் அதுவே கீறிவிட்டுப் போயிருந்தது, சேற்றாலும் கராஜ்களிலிருந்து மிதந்து வந்த எண்ணெயாலும். அப்படியென்றால் கலைஞர் வந்து எதைச் சேர்ப்பது? இந்தப் பணி முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது.

தண்ணீர் வருகிற வழி

களனி கங்கை 145 கிலோமீட்டர் ஓடி முகத்துவாரத்தில் கடலில் விழுகிறது. அதன் மேல்கிளைகள் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலை மலைகளில் தொடங்குகின்றன. மலையில் இரண்டு நாள் விடாமல் கொட்டினால் கீழே கொலன்னாவையிலும் சேதவத்தையிலும் வெல்லம்பிட்டியிலும் சாமான் தூக்க வேண்டியதுதான். நாகலகம் வீதியில் உள்ள நீர்மானியை இன்றும் அடிக்கணக்கில் வாசிக்கிறார்கள்: 5 அடி தாண்டினால் சிறு வெள்ளம், 7 தாண்டினால் பெருவெள்ளம். 2016 மே நடுப்பகுதியில், ரோவானு புயலாக மாறிய தாழமுக்கம் கொட்டிய மழையில் அது 7ஐத் தாண்டியது. அதே மழைதான் அரநாயக்கவில் மலைச்சரிவைக் கொண்டுவந்தது.

சூடான காற்று கூடுதல் ஈரத்தைத் தாங்கும். ஒரு பாகை கூடினால் ஏறத்தாழ 7 சதவீதம் கூட. ஆகவே கொட்டும்போது கூடுதலாகக் கொட்டுகிறது. இது காலநிலையின் பங்கு, இதில் விவாதமில்லை. ஆனால் விழுந்த தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதை வானம் தீர்மானிப்பதில்லை. கொழும்பின் கிழக்குப் பக்கம் முழுவதும் ஒரு காலத்தில் சதுப்பு. மழைக்குத் தண்ணீர் போய்த் தங்கி, ஆறு இறங்கியதும் மெல்ல வடிகிற இடம். அதை லொறி லொறியாக மண் போட்டு நிரப்பிக் களஞ்சியம் கட்டினார்கள், வீடு கட்டினார்கள், வீதி போட்டார்கள். கங்கை உயர்ந்திருக்கும் நேரத்தில் வாய்க்கால் நீர் கங்கைக்குள் இறங்காது. பின்னுக்குத் தள்ளுப்பட்டு வீடுகளுக்குள் வரும். பக்கத்திலேயே மீதொட்டமுல்ல. நகரத்தின் குப்பை அங்கே மலையாக ஏறி, 2017 ஏப்ரல் 14 அன்று, புத்தாண்டு தினத்தில், சரிந்து விழுந்து 32 பேரைக் கொன்றது. அந்த நிலமும் சதுப்புத்தான்.

2018 ஒக்டோபரில் கொழும்பு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ், உலகின் முதல் 18 ஈரநில நகரங்களில் ஒன்றாக அங்கீகரிக்கப்பட்டது. தலவத்துகொடை ஈரநிலப் பூங்காவில் பலகைப் பாதையில் நடந்து நீர்க்காகம் பார்க்கலாம். நல்லது. தாழ்நிலங்களை மண் நிரப்பி "மீட்டு" அபிவிருத்தி செய்யவென 1968இல் தொடங்கிய அரச நிறுவனமே அந்தப் பூங்காவைப் பராமரிக்கிறது என்பதில் இந்த நகரத்தின் ஐம்பது வருடக் கதை இருக்கிறது.

காலநிலை பற்றிப் பணி செய்யும் எந்தக் கலைஞருக்கும் கொழும்பில் காத்திருக்கும் பொறி இதுதான் என்று நினைக்கிறேன். "காலநிலை மாற்றம்" என்று மட்டும் எழுதி வைத்தால், மண் போட்டவரும் அனுமதி கொடுத்தவரும் வாய்க்காலை அடைத்தவரும் சபையிலிருந்து எழுந்து போய்விடுவார்கள். குற்றவாளி வளிமண்டலமாகிவிடும். காலநிலையை விட்டுவிட்டு வாய்க்காலை மட்டும் பேசினாலோ, உலகின் வடக்கேயுள்ள பணக்கார நாடுகளின் புகைபோக்கிகள் தப்பிவிடும்.

"கோட்டப் பாத்தா யாரு வாங்குவா?"

முதலில் போன வீட்டுக்காரர் எங்களை உட்காரவைத்துத் தேத்தண்ணி தந்தார். ஓவியர் "நானா, உங்கட சுவரில ஒரு கோடு மட்டும்" என்று தொடங்கினார். நீர்மட்டம் எது என்று காட்டச் சொன்னோம். அவர் எழும்பி வந்து, சுவிட்ச் பெட்டிக்குச் சற்று மேலே விரலை வைத்தார். அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. நல்ல வெள்ளை பெயின்ட்.

"இஞ்சதான். அப்ப கோடு இருந்திச்சி. மதிப்பீட்டுக்கு வார ஆக்கள் வரும்வரைக்கும் கழுவாம வெச்சிருந்தம். அவங்க பாத்து எழுதிட்டுப் போன பிறகு அடிச்சிட்டம்."

திரும்பக் கீறவா என்றதும் சிரித்தார். "மகள், வேணாம். அந்தக் கோட்டப் பாத்தா ஊட்ட யாரு வாங்குவா? மேல் ஊட்டுக்கு வாடகைக்கு ஆள் தேடிட்டு ஈக்கிறன்."

அடுத்தடுத்த வீடுகளிலும் இதே விஷயம், வேறு சொற்களில். நட்டஈடு வருமட்டும் அந்தக் கோடு ஒரு பத்திரம். அதைக் காட்டித்தான் எதையும் கேட்க முடியும். கையில் எதோ வந்த பிறகு, அல்லது வராது என்று தெரிந்த பிறகு, அதே கோடு காணி விலையைக் குறைக்கும் கறை. பெண்பிள்ளைக்குக் கல்யாணம் பேசிவருகிறவர்கள் பார்க்கக்கூடாத ஒன்று. ஒரு வீட்டில் குசினிச் சுவரில் மட்டும் விட்டிருந்தார்கள், பெயின்ட் முடிந்துவிட்டதாம்.

ஓவியருக்கு இது பெரிய ஏமாற்றம். மறதிக்கு எதிராகக் கோடு கீற வந்தவர் அவர். இங்கே மறதி என்று எதுவும் இருக்கவில்லை. தண்ணீர் வந்த மணி, முதலில் எது மிதந்தது, எந்த நானாவின் போட்டில் ஏறினார்கள், எந்தப் பள்ளிவாசலில் சோற்றுப் பார்சல் கொடுத்தார்கள், எல்லாம் ஒழுங்கைக்கே தெரியும். தெரிந்தவர்கள்தான் சுவரை வெள்ளையடித்தார்கள். நியூயோர்க்கின் சுண்ணக்கோடு பொது நடைபாதையில் இருந்தது, மழைக்குப் போய்விட்டது, எவருடைய வீட்டு விலையையும் அது தொடவில்லை. ஒருவருடைய சுவரில் பெயின்டால் கீறுவது அவருடைய சொத்தின் மேல் எழுதுவது. வசதியானவர்கள் வாழும் கொழும்பு 7இலிருந்து வருகிறவருக்கு அது ஓவியம். வெல்லம்பிட்டியில் கடனில் வீடு கட்டியவருக்கு அது விற்பனை விளம்பரத்துக்கு எதிர் விளம்பரம்.

ஓவியர் இன்றும் இதை முழுதாக ஏற்கவில்லை. விற்கிறவர் மறைத்தால் வாங்குகிறவர்தான் அடுத்த மழைக்கு நனைவார் என்பது அவருடைய வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கடமையைச் செய்ய வேண்டியது காணிப் பத்திரமும் நகரசபைத் திட்டவரைபடமும். அவை செய்யாததை ஒரு குடும்பத்தின் சுவரில் ஏற்றிவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஏப்ரலுக்குப் பிறகு

ஏப்ரல் 21 ஈஸ்டர் தாக்குதல்களோடு எல்லாம் நின்றது. முஸ்லிம் குடும்பங்கள் கூடுதலாக வாழும் ஒழுங்கைகளில், ஒவ்வொரு நாளும் சோதனை நடந்துகொண்டிருந்த நேரத்தில், கொப்பியும் கமராவுமாக வீடு வீடாகப் போய் "உங்கள் வீட்டு அளவென்ன" என்று கேட்பதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. நாங்கள் போகவில்லை. சில மாதம் போனது.

திரும்பத் தொடங்கியது எங்கள் முயற்சியால் அல்ல. துணி வேலை செய்யும் தோழிக்கு அங்கே ஒரு தையல் வகுப்பு நடத்தும் முஸ்லிம் அக்காவை, எல்லாரும் ராத்தா என்று கூப்பிடுகிறவரை, தெரியும். பத்திக் சொல்லித்தர முடியுமா என்று அவர்தான் கேட்டார். வகுப்புக்கு வந்த பெண்கள், முஸ்லிம்களும் தமிழர்களுமாக, தைத்துக்கொண்டே வெள்ளத்தைப் பற்றிக் கதைத்தார்கள். ஆண்கள் சுவரில் விரல் வைத்துக் காட்டிய உயரத்தைப் பெண்கள் தங்கள் உடம்பில் காட்டினார்கள். இந்த இடத்துக்கு, என்று இடுப்பில் கை வைப்பது. பிள்ளையைத் தூக்கி இங்கே வைத்திருந்தேன், காலில் பட்டது, என்று தோளைத் தொடுவது. தையல் மெஷினும் ஒரு அளவுகோல்: காலடிப் பலகை மூழ்கியதா, மேசை மூழ்கியதா, தலையைக் கழற்றி மேல் வீட்டுக்கு ஏற்ற நேரம் இருந்ததா? அடியோடு மூழ்கிய சிங்கர் மெஷின் ஒன்றைக் கழுவி எண்ணெய் விட்டு இன்னும் ஓட்டுகிற ஒருவர் அங்கே இருந்தார். சத்தம் வேறு மாதிரி வருமாம்.

உயரம் சுவரிலிருந்து உடம்புக்கு மாறியதும் பணிக்கு வடிவம் கிடைத்தது. சொல்கிறவரின் முழு உயரத்துக்கு ஒரு காடாத் துணி, அதில் அவர் காட்டிய இடம் வரை சேறு. வீட்டு இலக்கம் இல்லை, ஒழுங்கைப் பெயர் இல்லை, ஆளின் பெயர் இல்லை. ஆகவே எந்த வீட்டு விலையும் விழாது.

சேறும் மெழுகும்

சொல்லும்போது இலகு. துணியைச் சேற்றுத் தண்ணியில் இடுப்பு மட்டத்துக்கு இறக்கினால், கோடு இடுப்பில் நிற்காது. பருத்தி தண்ணியை மேலே இழுத்துக்கொண்டே போகும். காய்ந்து பார்க்கும்போது ஒரு சாண் கூடியிருக்கும். பெண்கள் இதை விடவில்லை. என் நெஞ்சுக்கு வரவில்லை, பொய் சொல்லாதீர்கள் என்றார்கள். எனக்கு இந்தப் பணியில் மிகவும் பிடித்த தருணம் அது. துல்லியம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது கலைஞர்கள் இல்லை.

தீர்வு பத்திக்கிலேயே இருந்தது. குறித்த உயரத்தில் உருக்கிய மெழுகால் ஒரு கோடு இழுத்துவிட்டால் தண்ணி அதைத் தாண்டாது. சேறு வந்து மெழுகின் கீழ் விளிம்பில் தேங்கும். பருமணல் கீழே தங்கும், நுண்ணிய களி தண்ணியோடு ஏறி விளிம்பில் ஒதுங்கும், அதனால் கோடு கறுத்து விழும். பார்க்கச் சுவரில் வெள்ளம் விட்டுப்போகும் கோட்டைப்போலவே இருக்கும். பிறகு மெழுகைக் கொதிநீரில் எடுக்க முடியவில்லை, சேறும் கூடப் போய்விடும். பழைய பத்திரிகைத்தாளை மேலே போட்டு இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து எடுத்தார்கள். அதில் ஒன்றிரண்டு துணிகளில் செய்தி எழுத்துகள் மங்கலாக ஒட்டிக்கொண்டன. விட்டுவிட்டோம்.

வாய்க்காலோரச் சேற்றைத்தான் எடுத்தோம். அதில் என்னென்ன இருக்கிறது என்று அங்குள்ளவர்களுக்குத் தெரியும், கையுறை இல்லாமல் ஒருவரும் தொடவில்லை. வெயிலில் பல நாள் காயவைத்த பின்னும் மணம் முழுதாகப் போகவில்லை. காய்ந்த சேறு பொடியாக உதிராமலிருக்க அரிசிக் கஞ்சி கலந்தோம். கஞ்சி பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கண்காட்சி

ஆண்டு முடிவில் கொழும்பு 7இல் ஒரு மண்டபம் இடம் தந்தது. அந்தக் காலத்துக் கொழும்பின் கலைச் சூழலையும் சொல்ல வேண்டும். அதே 2019 ஜனவரியில் கொழும்பஸ்கோப் என்ற சமகாலக் கலை விழா "கடல் மாற்றம்" என்ற கருப்பொருளில் நடந்து முடிந்திருந்தது. 2024இல் அதே விழா "காட்டின் வழி" என்று வனத்துக்குப் போனது. விழாவின் சில பதிப்புகளுக்கு இடம் தந்த கொம்பனித்தெரு ரியோ கட்டடம் 1983 ஜூலையில் எரிக்கப்பட்டது. கரிபிடித்த அந்தச் சுவர்களுக்குள் சூழல் பற்றிய கலையைப் பார்ப்பது ஒரு தனி அனுபவம். சுவர் தன் பாட்டுக்கு வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும். 2019 டிசம்பரில் இலங்கை நவீன, சமகாலக் கலை நூதனசாலை தொடங்கியது. அங்கே விளக்கப் பலகைகள் மும்மொழியிலும் உண்டு, நுழைவு இலவசம். தமிழ் வாசகருக்கு இது சின்ன விஷயமில்லை. மறுபக்கம், 1993இலிருந்து ஆண்டுதோறும் ஆனந்த குமாரசுவாமி மாவத்தைப் பக்கம் நடக்கும் கலா பொல தெருச் சந்தையில் நிலக்காட்சிகள் குவிந்து கிடக்கும். குளம், வயல், தாமரை, மாட்டுவண்டி. மழை பெய்யும் ஓவியங்களும் உண்டு. அந்த மழையில் யாருடைய மெத்தையும் நனைவதில்லை.

நம் தமிழ்ப் பக்கத்துக் கட்டுரைகளுக்கு வேறொரு வியாதி. சூழல் என்றதும் ஐந்திணைக்கு ஓடிவிடுவார்கள். திணை மரபைக் கொண்டு உருப்படியாக வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள்: டில்லிக் கலைஞர் ரவி அகர்வால் புதுச்சேரிக்கு அருகே ஒரு மீனவக் கிராமத்தில் தங்கி, சங்கப் பாடல்களைக் கூட வைத்துக்கொண்டு, கடலையும் வலையையும் படம்பிடித்தார். அவர் அங்கே போய் இருந்தார், அதுதான் வித்தியாசம். களஞ்சியம் கட்ட நிரப்பிய சதுப்பை மருதம் என்பதா நெய்தல் என்பதா என்று பேசிக்கொண்டிருந்தால் தண்ணி வந்துவிடும்.

மண்டபத்தோடு இரண்டு இழுபறி. ஒன்று மணம். குளிரூட்டிய மூடிய அறையில் சேற்று வாடை நிற்கும் என்றார்கள். செம்மண்ணில் திரும்பச் செய்யலாமா என்று கேட்டார்கள். தையல் வகுப்பில் கேட்டோம். அவர்களுக்கும் அந்த மணம் பிடிக்கவில்லை, ஆனால் மாற்ற வேண்டாம் என்றார்கள். கடைசியில் யன்னல்களைத் திறந்து வைத்து, குளிரூட்டியை நிறுத்தி நடத்தினோம். வேர்த்துக்கொண்டே பார்த்தார்கள்.

இரண்டாவது, விளக்கக் குறிப்பு. மண்டபம் எழுதிய வரைவில் மழை இருந்தது, வெப்பமாதல் இருந்தது, "மீண்டெழும் பெண்கள்" இருந்தார்கள். பெண்கள் எங்களிடம் சொன்னதில் பெரும்பகுதி வேறு. எந்தப் பக்கம் சதுப்பு இருந்தது, எப்போது லொறி வரத் தொடங்கியது, எந்த மதகில் குப்பை அடைத்தது, யாரிடம் முறைப்பாடு கொடுத்து எத்தனை தரம் அலைந்தது. அதையும் சேர்க்கக் கேட்டோம். வழக்கு வரும் என்று பயந்தார்கள். அந்தப் பயம் வெறும் சாட்டு இல்லை. இடப்பெயர்களை எடுத்துவிட்டு, சதுப்பு நிரப்பியதும் வாய்க்கால் அடைத்ததும் காரணங்கள் என்று ஒரு பந்தி சேர்க்க இணங்கினார்கள். அரை வெற்றி. ஆனால் அந்தப் பந்தி இல்லாவிட்டால் துணிகள் அழகான துணிகளாக மட்டும் இருந்திருக்கும். அவை அழகாக இருந்தன என்பதே எனக்குக் கொஞ்சம் உறுத்தல்.

பார்க்க வந்தவர்கள் துணிக்குப் பக்கத்தில் நின்று தங்கள் உடம்போடு ஒப்பிட்டார்கள், போனில் படம் எடுத்தார்கள். எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, தையல் வகுப்புக்காரர்கள் வேன் பிடித்து வந்த நாள். பெயரில்லாத துணிகளை அவர்கள் பெயர் சொல்லி அடையாளம் கண்டார்கள். "இது ராத்தாட நெஞ்சி", "இந்தா உங்கட இடுப்பு, எவ்வளவு கட்டை பாருங்க" என்று ஒருவரையொருவர் கேலி செய்து சிரித்ததில், அமைதி காக்கச் சொல்ல வந்த காவலாளி திரும்பிப் போய்விட்டார். பெயரை மறைத்தது வெளியாட்களுக்குத்தான் வேலை செய்தது. அப்படித்தான் வேண்டியிருந்தது.

மிஞ்சியது

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது துணிகள் பொலித்தீனில் சுற்றி ஒரு அறையில் கிடந்தன. கஞ்சி தன் வேலையைக் காட்டியது. திறந்தபோது பூஞ்சை, வெள்ளிப்பூச்சி, ஓட்டை. கொழும்பின் ஈரக்காற்றில் மாவுப்பசை போட்ட துணி தப்பாது என்று பழைய சேலைப்பெட்டி வைத்திருக்கும் எவரும் சொல்லியிருப்பார். சில துணிகளை மீட்டோம், மற்றவை போயின. காலநிலை பற்றிய கலைப்பொருளைக் காலநிலையே தின்றதைச் சிலர் கவித்துவமாக எடுத்தார்கள். தோழி அப்படி எடுக்கவில்லை. அடுத்த தடவைக்கு என்ன பிசின் போடலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

உயிரோடு மிஞ்சியது கொப்பி. யார் வீட்டில், எந்த ஆண்டு, உடம்பில் எவ்வளவு உயரம், எத்தனை நாள் நின்றது, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது. நேர்காணலுக்குத் துணையாக நான் எழுதிய குறிப்புகள்தான். கண்காட்சியில் அதற்கு இடமே இருக்கவில்லை. பிறகு ஒழுங்கைக்காரர்கள் வாய்க்கால் துப்பரவு பற்றி எழுதிய ஒரு முறைப்பாட்டுக்கு அதிலிருந்து தகவல் எடுத்தார்கள். முறைப்பாட்டுக்கு என்ன நடந்தது என்பது வேறு கதை, இலங்கையில் வாசிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், மலையகம் சரிந்தது, களனி மீண்டும் பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் நிரம்பியது. முதலில் எங்களை உட்காரவைத்துத் தேத்தண்ணி தந்தவர் வீட்டை அதற்கு முன்னரே விற்றுவிட்டிருந்தார். வாங்கியவர்களை எனக்குத் தெரியாது. ஓவியர் தொலைபேசியில் அதைச் சொன்னபோது தன் வாதத்தைத் திரும்பச் சொல்லவில்லை, ஆனால் இருவருக்கும் அது நினைவிருந்தது.

இந்த முறை கேட்டது அவர்கள். தண்ணி இறங்கிய கையோடு, சுவர் கழுவுமுன் வந்து எழுதுங்கள் என்று ராத்தா செய்தி அனுப்பினார். நிபந்தனைகளும் சொன்னார்: முகம் படமெடுக்கக்கூடாது, வீட்டு இலக்கம் கொப்பியில் மட்டும், வேறெங்கும் வரக்கூடாது, நட்டஈட்டு விண்ணப்பத்துக்கு வேண்டிய பக்கத்தின் பிரதி முதலில் அந்த வீட்டுக்கு, பிறகுதான் கலைக்கு, துணி செய்வதா இல்லையா என்பதை ஆறுதலாகப் பேசலாம். சமகாலக் கலை பற்றிய கருத்தரங்குகளில் பங்கேற்பு, ஒப்புதல் என்றெல்லாம் கேட்டிருக்கிறேன். இவ்வளவு தெளிவாக யாரும் எழுதித் தந்ததில்லை.

இப்போது நடக்கும் வாக்குவாதம் கொப்பி யாரிடம் இருப்பது என்பது. ராத்தா தன்னிடம் இருக்கட்டும் என்கிறார், மேல் வீட்டு அலுமாரியில். ஓவியர் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி வைத்துவிட்டால் அழியாது என்கிறார். ஸ்கேன் பண்ணினால் அது யார் யாருடைய கைக்குப் போகும் என்று ராத்தா கேட்டதற்கு எங்கள் மூவரிடமும் இன்னும் பதிலில்லை.